மற்றவர் நிரப்பிய ரவை

பரஞ்சோதி தனக்கொரு ஆசிரியரைத் தேடிப் போனபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஆசிரியைக்கு முப்பத்தாறு.

நோர்வேயின் வடக்கே, மரங்கள் குட்டையாகிக் குட்டையாகிக் கடைசியில் இல்லாமலே போகிற இடத்தில் ஒரு துறைமுக ஊர். அங்கே சுகிர்தா படகு எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருந்தாள். ஊர்த் துப்பாக்கி சுடும் கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பும் அவளிடம்தான் இருந்தது. அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் பலர் தங்கள் துப்பாக்கி ரவைகளை, வெறுங்கோதில் வெடிமருந்தும் குண்டும் வைத்து, தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். பழக விரும்புகிறவர்கள் அவளிடம் போவார்கள்.

பரஞ்சோதியின் மகன் இறந்து ஒரு வருடமும் சில நாட்களும் ஆகியிருந்தன. பரஞ்சோதி பட்டறைக்குள் வந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நான் ஆரூரன்ர அப்பா."

"தெரியும், அங்கிள்."

"உம்மை நான் பார்த்த ஞாபகம் இல்லை."

"செத்தவீட்டுக்கு வந்தனான். பின்னுக்கு நிண்டனான்."

அவள் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். இருபது குழிகளில் பத்தொன்பது ரவைகள் இருந்தன. மூடியின் உட்பக்கம் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டை எழுத்தில் அதில் எழுதியிருந்தது: அப்பாவுக்கு. பக்கம் 12.

"இதைச் சுட வேணும்," என்றார் பரஞ்சோதி. "அவன்ர துவக்கை என்ர பேருக்கு மாத்திப்போட்டன். வேட்டைச் சோதினையும் பாஸ். ஆனா ஒரு நாளும் சுட்டதில்லை. நீர் பக்கத்தில நிண்டு காட்டித் தந்தாக் காணும்."

"பக்கம் பன்னிரண்டு எந்தக் கொப்பியில?"

"அவன்ர சின்னக் கொப்பி. மருந்துக் கணக்கெல்லாம் அதிலதான். எந்த நேரமும் சட்டைப் பையுக்கை வைச்சிருப்பான்."

"கொப்பி எங்கை?"

"ஏரிக்கை."



ஆரூரன் முந்திய வருட வைகாசியில் இறந்துபோனான். ஏரியின் மேல் உறைந்திருந்த பனியில் பனிவண்டியை ஓட்டிப் போனான். கரையிலிருந்து பார்க்கப் பனி கெட்டியாகத்தான் இருந்தது. நடு ஏரியில் அது தாங்கவில்லை. அவனுக்கு முப்பத்தொரு வயது. துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் பரஞ்சோதி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: "அவசரக்காரன்." வேறு எதையும் சொல்ல அவருக்கு வரவில்லை.

சுகிர்தா ஒரு ரவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அதே குழியில் வைத்தாள்.

"இதுக்குள்ள என்ன மருந்து, எவ்வளவெண்டு எழுதியிருக்கேல்லை, அங்கிள்."

"எனக்கெண்டு எழுதியிருக்கு."

"ஓம்."

"ஒரு குழி வெறுமையாக் கிடக்கு, பாரும். ஒண்டை அவன் சுட்டுப் பார்த்திருக்கிறான்."

"பார்த்திருக்கலாம்."

"பிறகென்ன?"

"மற்ற ஆள் நிரப்பின ரவையை நாங்கள் சுடுறேல்லை."

பரஞ்சோதி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர பிள்ளை எனக்கு மற்ற ஆளோ?"

சுகிர்தா பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"வீட்டில பூட்டி வையுங்கோ. சனிக்கிழமை காலமை வாங்கோ."

"சுடவோ?"

"பழக."

பரஞ்சோதி இந்த ஊருக்கு வந்தது துவக்குகளுக்குப் பயந்து. எண்பதுகளின் கடைசியில் போர் நடந்த வடமராட்சியிலிருந்து கிளம்பியவர், உலகத்தின் இந்த முனையில் வந்து நின்றார். மீன் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் மீன் வெட்டினார், எடை பார்த்தார். மகன் துவக்கு வாங்கியபோது, "அதோட இந்த வாசல்படி மிதிக்காதை," என்றார். மகன் மிதிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு எடுத்து அங்கே வைத்துக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு ஆவணியிலும், வேட்டை தொடங்கும்போது, வந்து கேட்பான்.

"அப்பா, ஒருக்கா வாங்கோவன். சுட வேண்டாம். சும்மா மேட்டில இருந்து பாருங்கோ. நான் கோப்பி போட்டுக்கொண்டு வருவன்."

ஒன்பது ஆவணி கேட்டான். ஒன்பது முறையும் பரஞ்சோதிக்கு ஏதோ வேலை இருந்தது. மனைவி இறந்த வருடத்தில் மட்டும், "அடுத்த வருசம் பாப்பம்," என்றார். மகன் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். பெட்டியைக் கண்ட பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது.

சனிக்கிழமை அவர் நேரத்துக்கே வந்தார். பட்டறையின் பக்கத்து அறையில் ஒரு மேசை. குண்டைக் கோதில் இறுக்குகிற, கைப்பிடி வைத்த ஓர் அழுத்தி அதில் முடுக்கியிருந்தது. ஒரு சின்னத் தராசு. மருந்து நிரப்பிய இரண்டு போத்தல்கள். சுகிர்தா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து அந்த மேசையிலேயே வைத்தாள்.

"மேசையைப் பாருங்கோ, அங்கிள். கூடாதது என்ன கிடக்கு?"

அவர் தேத்தண்ணியைத் தூக்கினார். அவள் காத்திருந்தாள். கைத்தொலைபேசியை எடுத்து அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தார். அவள் இன்னும் காத்திருந்தாள். மேசையை வெகுநேரம் பார்த்தார். வேறெதுவும் தெரியவில்லை.

"ரண்டு போத்தல்," என்றாள் அவள். "ஒரு நேரத்தில மேசையில ஒண்டுதான். ரண்டிருந்தா எண்டைக்கோ ஒரு நாள் கை மாறும்."

அன்று அவ்வளவுதான்.

அடுத்த சனி அவர் பாதுகாப்புக் கண்ணாடி போடப் பழகினார். தராசின் கல்லை வைத்து, தராசு சரியா என்று பார்க்கப் பழகினார். மருந்தை ஒரு சின்னக் கரண்டியால் தட்டுக்குள் தட்டித் தட்டிப் போட்டு, சொன்ன எண் வந்ததும் நிறுத்தினார். வந்த மருந்தைப் போத்தலுக்குள் திருப்பி ஊற்றினார். மறுபடி நிறுத்தார். நாள் முழுக்க அதுவே.

வருடக்கணக்காக மீனை நிறுத்த கை. அது சீக்கிரம் பழகிக்கொண்டது.

"எப்ப சுடலாம்?"

சுகிர்தா அலுமாரியிலிருந்து பழைய போத்தல் ஒன்றை எடுத்தாள்.

"இதை வாசியுங்கோ."

"ஒண்டும் எழுதியிருக்கேல்லையே."

"திறந்து பாருங்கோ."

பார்த்தார். கரும்பச்சைத் துகள், உலர்ந்து, உதிரியாக. "நல்ல மருந்து மாதிரித்தான் கிடக்கு."

"ஓம். மாதிரித்தான் கிடக்கு."

அவள் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பட்டறைக்குப் பின்னால் இருந்த புல்லில் உப்புத் தூவுவதுபோலப் பரவலாகத் தூவினாள்.

"அநியாயம், பிள்ளை. நல்லதாயிருந்தா?"

"புல்லுக்கு இது உரம், அங்கிள். நல்லதாயிருந்தாப் புல்லு நல்லா வரும்."

மூன்றாம் சனியும் அவர் அதே கேள்வியோடு வந்தார். அன்று அவள் ஒரு கதை சொன்னாள்.

"தெற்கில ஒரு ஆள். தமையன் செத்துப்போக, தமையன்ர பெட்டி இவருக்கு வந்தது. தமையன் கையால நிரப்பினது. ஆசையாக் கொண்டுபோய்ச் சுட்டார். ஆறு வெடியும் அச்சா வெடி. ஏழாவதோட இடது கண் போச்சு."

"தமையன் பிழை விட்டவனோ?"

"இல்லை. தமையன் பிழையே விடேல்லை. அவர் தன்ர துவக்குக்கு நிரப்பினவர். அதுக்கு அது சரி."

பரஞ்சோதி அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் கேட்டது நெஞ்சுக்குள் இறங்கவில்லை. வீட்டில் பெட்டி இருந்தது. ஒவ்வொரு மாலையும் அதைத் திறந்து மூடியில் எழுதியதை வாசிப்பார். நாலாம் சனி அவர் பட்டறைக்கு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கழகத்தின் சுடுதிடலில் யாரும் இருப்பதில்லை. அன்று அவர் துவக்கையும் ஒரே ஒரு ரவையையும் எடுத்துக்கொண்டு போனார். திடலில் காற்று ஊதிக்கொண்டிருந்தது. துவக்கின் பின்பூட்டைத் திறந்து ரவையை உள்ளே தள்ளினார். பூட்டினார். பாயில் படுத்துத் தோளில் அணைத்துக் கன்னத்தை மரத்தில் வைத்தார். மகனின் கன்னம் உரசி உரசி அந்த இடம் வழுவழுப்பாக இருந்தது. அங்கேயே கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தார். எவ்வளவு நேரமென்று அவருக்குத் தெரியாது.

அடுத்த சனி சுகிர்தாவிடம் இதைச் சொன்னார். ஒளிக்கவில்லை.

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "சுட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன் சுடேல்லை?"

"சுட்டாப் பதினெட்டாகிடும்."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.  இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"துவக்கின்ர பின்பூட்டைக் கழட்டி என்னட்டைத் தாங்கோ, அங்கிள். நான் திருப்பித் தரும்வரைக்கும் என்னட்டை இருக்கட்டும்."

"என்னை நம்பேல்லையோ?"

"உங்களை நம்புறன். புதன்கிழமையை நம்பேல்லை."

அன்றே கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனி நடுவில் முதல்முறையாக அவரையே நிரப்பச் சொன்னாள். பத்து வெறுங்கோதுகள். ஒவ்வொன்றின் அடியிலும் தீயை மூட்டுகிற சின்னப் பொட்டு ஏற்கனவே பதிக்கப்பட்டிருந்தது. அவர் மருந்தை நிறுக்க வேண்டும். புனலால் கோதுக்குள் ஊற்ற வேண்டும். கோதைத் துளைப்பலகையில் நிறுத்த வேண்டும். பத்தும் நிறைந்தபின், மேலே குண்டை அழுத்துவதற்கு முதல், அவளைக் கூப்பிட வேண்டும்.

சுகிர்தா அடுத்த அறையில் எஞ்சின் வேலையில் இருந்தாள். யன்னலுக்கு வெளியே கடற்காகங்கள் கத்தின. பரஞ்சோதி நிறுத்தார், ஊற்றினார், நிறுத்தார், ஊற்றினார். அவருக்குத் தன் கையைப் பார்க்கப் பார்க்க, இப்படித்தானே அவனும் இருந்திருப்பான் என்று தோன்றியது. இப்படித்தான் குனிந்து, இப்படித்தான் மூச்சை அடக்கி. அப்பாவின் ரவை என்று நினைத்து நினைத்து. அவன் கழுத்தின் பின்பக்கம் சின்ன வயதில் ஒரு மச்சம் இருந்தது. பெரிய ஆளான பிறகும் அது இருந்ததா? அவருக்கு நினைவு வரவில்லை. எத்தனை வருடமாக அந்தக் கழுத்தைப் பார்க்காமலிருந்திருக்கிறார்!

"பிள்ளை, முடிஞ்சுது."

அவள் வந்தாள். சின்னக் கைவிளக்கைப் பலகையின் மேல் பிடித்தாள்.

"நீங்களே பாருங்கோ."

குனிந்து பார்த்தார். ஒவ்வொரு கோதின் வாய்க்குள்ளும் ஒரே மட்டத்தில் மருந்து தெரிந்தது. ஏழாவது கோதுக்குள் வெளிச்சம் அடிவரைக்கும் போனது.

அது வெறுமை.

"சீ," என்றார் பரஞ்சோதி. பிறகு, "ஒண்டும் இல்லைத்தானே. கூடப் போட்டாத்தானே ஆபத்து? வெறுங்கோது என்ன செய்யும்? வெடிக்காது, அவ்வளவுதானே?"

"வெடிக்காது. 'டப்'பெண்டு சின்னச் சத்தம் வரும். அந்தப் பொட்டின்ர தள்ளலுக்குக் குண்டு கொஞ்சத் தூரம் போகும். வெளியில போகாது. குழலுக்கை பாதியில நிண்டிடும்."

"பிறகு?"

"சுடுற ஆளுக்குத் தெரியாது. அடுத்ததைப் போட்டுச் சுடுவார். அது நல்ல ரவை. அது வந்து இதில இடிக்கும்."

பரஞ்சோதி தன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழாவது கோது நேரம் எங்கை போயிருந்தனீங்கள், அங்கிள்?"



"மகனிட்டை."

சுகிர்தா தலையசைத்தாள். பலகையிலிருந்து கோதுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பத்தையும் போத்தலுக்குள் கவிழ்த்தாள். சரியாக நிரப்பிய ஒன்பதையும்தான்.

"மற்றது ஒன்பதும் சரியாத்தானே இருந்தது?"

"எந்த ஒன்பது நேரம் இஞ்ச இருந்தனீங்களெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. அவர் வெறும் பலகையைப் பார்த்தார்.

"அவனை நினைக்காமல் நான் எப்பிடி, பிள்ளை, இந்த மேசையில இருக்கிறது? இதில நான் வந்து இருக்கிறதே அவனை நினைச்சுத்தான்."

"நினைக்க வேண்டாமெண்டு ஆர் சொன்னது? நினைப்பு வந்தாக் கையில இருக்கிறதை வையுங்கோ. போத்தலை மூடுங்கோ. எழும்பி வெளியில போங்கோ. நல்லா நினையுங்கோ. அழ வேணுமெண்டா அழுங்கோ. முடிஞ்சாப் பிறகு உள்ளுக்கு வந்து முதலில இருந்து தொடங்குங்கோ."

"இதை உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

சுகிர்தா தராசின் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"ஆரூரன்."

"என்ன?"

"எனக்கு இதெல்லாம் பழக்கினது அவர்தான், அங்கிள். நான் பழக வந்த நேரம் அம்மா செத்து ரண்டு மாசம். நானும் உங்களை மாதிரித்தான். ஒண்டை வெறுமையா விட்டன். அவர் எல்லாத்தையும் கவிழ்த்துப்போட்டுச் சொன்னார், வெளியில போய் அம்மாவை நினைச்சிட்டு வாங்கோ, நான் இருக்கிறனெண்டு."

பரஞ்சோதி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இந்த மேசையருகே மகன் நின்றிருக்கிறான். ஒரு பெண் அழுது முடிக்கும்வரை காத்து நின்றிருக்கிறான். காத்து நிற்கத் தெரிந்தவன்.

"மற்ற ஆள் நிரப்பின ரவை...?"

"அதுவும் அவர் சொன்னதுதான்."

அவர் எழுந்து வெளியே போனார். பட்டறைக்குப் பின்னால் புல் அடர்ந்து நின்றது. அங்கே வெகுநேரம் நின்றார். அன்று உள்ளே திரும்பி வரவில்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த சனி காலையில் பெட்டியோடு வந்தார்.

"உடைப்பம்," என்றார்.

ரவையை உடைக்கும் கருவி பார்ப்பதற்கு ஒரு சுத்தியல் போல இருக்கும். தலை மட்டும் உள்ளீடற்ற பொள்ளல். அதற்குள் ரவையைக் கவிழ்த்து மாட்டி, மரக்குற்றியில் ஓங்கி அடிக்க வேண்டும். இரண்டு மூன்று அடியில் குண்டு கழன்று மருந்தோடு பொள்ளலுக்குள் விழும். சுகிர்தா ஒன்றை உடைத்துக் காட்டினாள். குண்டைத் தனியே வைத்தாள். மருந்தைத் தட்டில் கொட்டி நிறுத்தாள். எண்ணை ஒரு தாளில் எழுதினாள்.

"மிச்சம் நீங்கள்."

முதல் அடி மெல்ல விழுந்தது. குண்டு கழலவில்லை. இரண்டாம் அடியும் அப்படித்தான்.

"பலமா அடியுங்கோ, அங்கிள்."

"அவன் கையால இறுக்கினது."

"ஓம். இறுக்கமாத்தான் இருக்கும்."

பலமாக அடித்தார். கழன்றது. மருந்தை நிறுத்தார். முதலாவதன் எண்ணே வந்தது.

மூன்றாவதும் அதே எண். நாலாவதும் அதே. ஆறாவதை நிறுத்தபோது தராசில்தான் பிழையோ என்று சந்தேகம் வந்து, கல்லை வைத்துப் பார்த்தார். தராசு சரி. ஏழாவதும் அதே எண்.

எட்டாவதைக் கையில் எடுத்தவர் அதை அடிக்கவில்லை. மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வெளியே போனார். சுகிர்தா மருந்துத் தட்டை மூடிவிட்டுக் காத்திருந்தாள். அரை மணித்தியாலம் ஆனது. அவர் வந்து, முகத்தைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, தராசைத் திரும்பவும் கல்வைத்துச் சரிபார்த்துவிட்டு எட்டாவதை எடுத்தார்.

பத்தொன்பதாவதும் அதே எண்.

தாளில் ஒரே எண் பத்தொன்பது முறை, ஒன்றின் கீழ் ஒன்றாக. பரஞ்சோதி விரலை அதன்மேல் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு மறுபடி மேலேயிருந்து.

"எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு."

"ஓம்."

"என்ர பிள்ளை ஒரு இடத்திலயும் பிழை விடேல்லை."

"விடேல்லை."

"அப்ப நான் சுட்டிருக்கலாம்." அவர் குரல் உயர்ந்தது. "பத்தொன்பதையும் சுட்டிருக்கலாம், பிள்ளை! ஒண்டும் நடந்திருக்காது. எனக்கெண்டு செய்துவைச்சது. என்னைக் கொண்டே உடைப்பிச்சுப் போட்டீர்!"

"சுட்டிருக்கலாம்," என்றாள் சுகிர்தா.  கழன்ற குண்டுகளில் ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அலுமாரியைத் திறந்து வேறொரு குண்டை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ரண்டையும் தூக்கிப் பாருங்கோ. இது ஆரூரன் மானுக்கு வைக்கிற குண்டு. என்னட்டையும் அதுதான் இருக்கு. மற்றது உங்கட பெட்டிக்கை இருந்தது."

மகனின் பெட்டியிலிருந்த குண்டு சின்னது. நிறை குறைந்தது. மீன் நிறுத்த கைக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்தது.

"இது ஏன் சின்னன்?"

"சின்னக் குண்டுக்குத் துவக்கு உதைக்கிறது குறைவு."

"அவனுக்கு உதைப்பைப் பற்றி என்ன? பெரிய மான் சுடுறவன்."

"அவருக்கில்லை, அங்கிள்."

பரஞ்சோதி தன் வலது தோளைத் தொட்டார். மேசையருகே நின்று மீன் வெட்டி வெட்டித் தேய்ந்துபோன தோள். ஐந்து வருடத்துக்கு முன் அதை வெட்டித் தைத்தார்கள். வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனதும் கூட்டிவந்ததும் மகன்தான். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. மேடு பள்ளம் வரும் இடங்களில் காரை மெல்ல மெல்ல உருட்டினான்.

தொட்ட கையை அவர் எடுக்கவில்லை. மறுகையின் விரல்கள் சின்னக் குண்டை மூடிக்கொண்டன.

"அவசரக்காரன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார். "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."



மத்தியானம் ஆனபோது அவர் தானே எழுந்தார். மருந்துத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனார். அவளும் கூடப் போனாள். அது என்ன மருந்தென்று இருவருக்கும் தெரியாது. அவர் குனிந்து, விரலால் கிள்ளிக் கிள்ளி, பரவலாகத் தூவினார். ஒரு இடத்திலும் குவியவிடவில்லை. தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

"கோதும் குண்டும் நல்லது," என்றாள் சுகிர்தா. "ஆவணிக்கு முதல் நீங்களே நிரப்புங்கோ. மருந்து நான் தாறன், பேரெழுதின மருந்து. பின்பூட்டையும் திருப்பித் தாறன்."

"மேட்டுக்கு ஆர் வாறது என்னோட?"

"நான் வருவன்."

அவர் தலையாட்டினார். உள்ளே போக அடியெடுத்து வைத்தவர் நின்றார். மேசையில் அவள் காட்டிய பெரிய குண்டு அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அல்லது செத்தவீட்டில் பின்னால் நின்ற பெண் வந்திருக்க வேண்டும்.

"பிள்ளை, அவன் நிரப்பினது ஏதும் உம்மட்டையும் இருக்கோ?"

சுகிர்தா உள்ளே போனாள். கதிரையில் ஏறி, அலுமாரியின் மேல் தட்டில் கைவிட்டுத் துழாவினாள். ஒரு சிறு துணிப்பொட்டலத்தை எடுத்து வந்து மேசையில் அவிழ்த்தாள். உள்ளே ஏழு ரவைகள்.

பொட்டலத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

பரஞ்சோதி அவற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கடற்காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. அவர் எதையோ புரிந்துகொண்டவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. நீர் இதை இன்னும் ஏன் உடைக்கேல்லை?"

"மூண்டு தரம் மேசைக்குக் கொண்டுவந்தனான், அங்கிள். மூண்டு தரமும் எழும்பி வெளியில போனனான். உள்ளுக்கு வாவெண்டு கூப்பிட ஆளில்லை."

பரஞ்சோதி கதிரையை இழுத்து மேசையருகே போட்டார். அவளை அதில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவளிடம் கொடுத்தார்.